பூனை அரளி இலையைக் கடித்துவிட்டது, என்ன செய்வது?

தாம்பரத்துக்காரி:
வாசலில் இரண்டு வருடமாக ரோஸ் நிற அடுக்கு அரளி நிற்கிறது. வாங்கும்போதே கேட்டேன், இது ஹைப்ரிட், பழைய அரளி மாதிரி விஷம் கிடையாது என்றார் செடி விற்றவர், நானும் நம்பிவிட்டேன். இன்று காலை ஒன்பது மணி வாக்கில் எங்கள் சுண்டல் (ஒன்றரை வயது, மூன்று கிலோ) கீழ்க்கிளையைக் கடித்துக்கொண்டிருந்தாள். துரத்திவிட்டுப் பார்த்தால் ஒரு இலையில் நுனியையே காணோம், பக்கத்து இலையில் பல் பதிந்த ஓட்டை. இப்போது மணி பதினொன்று. ஒரு தடவை வாந்தி, எச்சில் ஒழுகுகிறது, பீரோவுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டு கூப்பிட்டாலும் வரவில்லை. மாமியார், சாமிக்குப் போடுகிற பூதானே என்கிறார். உப்புத் தண்ணீர் கொடுக்கலாமா?

மாடித்தோட்டம்:
பூனை புல்லைத் தின்று வாந்தி எடுப்பது சகஜம்தானே. எங்கள் வீட்டுப் பையன் அருகம்புல்லைத் தின்றுவிட்டுச் சரியாக சோபா மேல்தான் எடுப்பான். சாயங்காலம் வரை பாருங்கள்.

நாலு பூனை அக்கா:
சாயங்காலம் வரையெல்லாம் வேண்டாம், இப்போதே கிளம்புங்கள். அருகம்புல் வேறு, அரளி வேறு. அடுக்கோ ஒற்றையோ, வெள்ளையோ சிவப்போ, அரளியில் விஷமில்லாத பாகமே கிடையாது, காய்ந்த இலையிலும் போகாது. ஒலியாண்ட்ரின் என்ற பொருள் நேராக இதயத்துடிப்பில்தான் கை வைக்கும். நெடுஞ்சாலை நடுவில் வரிசையாக அரளி வைக்கிறார்களே, ஆடு மாடு வாய் வைக்காது என்பதும் அதற்கு ஒரு காரணம். உப்புத் தண்ணீர், பால், எண்ணெய் எதுவும் கொடுக்காதீர்கள், உப்பே தனி விஷமாகிவிடும். கடித்த கிளையை ஒரு கவரில் போட்டு எடுத்துப் போங்கள், எத்தனை மணிக்கு என்று சொல்லுங்கள். பக்கத்தில் டாக்டர் இல்லையென்றால் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

தாம்பரத்துக்காரி:
ஆட்டோவில் இருக்கிறேன் அக்கா.

தாம்பரத்துக்காரி (மூன்றாம் நாள்):
சுண்டல் வீட்டுக்கு வந்துவிட்டாள். போனபோது துடிப்பு நிமிடத்துக்கு நூறைத் தொடவில்லை, பூனைக்கு ஆஸ்பத்திரி பயத்திலேயே நூற்றைம்பதுக்கு மேல் ஓட வேண்டுமாம். ஈசிஜி எடுத்து, டிரிப்ஸ் ஏற்றி, ஊசி போட்டு, இரண்டு இரவு அங்கேயே வைத்துக்கொண்டார்கள். முன்னங்காலில் டிரிப்ஸுக்காக மழித்த இடம் மட்டும் வெள்ளைத் திட்டாகத் தெரிகிறது. சரி, இனி செடியை வெட்டி எரித்துவிடலாமா?

நாலு பூனை அக்கா:
அப்பாடா! வெட்டுங்கள், ஆனால் எரிக்காதீர்கள், அந்தப் புகையும் ஆகாது. கையுறை போட்டு வேரோடு எடுத்து, உதிர்ந்த இலையைக் கூட்டி, மூட்டையாகக் கட்டிக் குப்பையில் போடுங்கள். பூஜைக்கு அரளி வாங்கினால் அது மிதந்த தண்ணீரைப் பூனை குடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். மஞ்சள் அரளியும் விஷம்தான், நந்தியாவட்டையும் அதே குடும்பம்தான். மாமியாருக்குப் பூ வேண்டுமென்றால் சாதாரணச் சிவப்புச் செம்பருத்தி, இட்லிப்பூ, மல்லிகை, இந்த மூன்றிலும் எனக்குப் பயமில்லை.

மாடித்தோட்டம்:
நான் சொன்னதை நம்பி உட்காராமல் போனீர்களே, மன்னித்துவிடுங்கள். அப்புறம், செடியைப் பிடுங்கும்போது பக்கத்தில் குப்பைமேனி இருந்தால் அதன் வேரைச் சுண்டல் பக்கம் காட்டாதீர்கள், அதற்குப் பூனைவணங்கி என்று சும்மா பேர் வைக்கவில்லை, புரண்டு புரண்டு உங்களை வேலை செய்ய விடமாட்டாள்.