தனிமை கரையேறிய பின் வந்ததா, முன்பே இருந்ததா? ‘சீஸ்கேப்’ நாடகம் குறித்து ஒரு விவாதம்

கரையோரன்:
அமெரிக்க நாடகாசிரியர் எட்வர்ட் ஆல்பீயின் ‘சீஸ்கேப்’ 1975 ஜனவரியில் நியூயார்க்கில் மேடையேறி, அவ்வாண்டே புலிட்சர் பரிசு பெற்றது. நடுவயதைக் கடந்த தம்பதி நான்சியும் சார்லியும் கடற்கரையில் பேசிக்கொண்டிருக்கையில், பேசத் தெரிந்த இரு பெரும் பல்லிகள், லெஸ்லியும் சாராவும், கடலிலிருந்து ஏறி வருகின்றன. உயிர்கள் நீரிலிருந்து நிலத்துக்கு வந்த பரிணாம வரலாற்றை அவர்களுக்கு விளக்க முயலும் சார்லி, லெஸ்லி ஒருநாள் போய்த் திரும்பாவிட்டால் என்ன செய்வாய் என்று சாராவைக் கேட்க, அவள் அழுகிறாள். இழப்பை முன்கூட்டியே எண்ணிப் பார்க்க முடிகிற உயிருக்குத்தான் தனிமை உண்டு என்பதால், மனிதத் தன்மையும் தனிமையும் ஒரே கணத்தில் பிறக்கின்றன என்பதே என் வாசிப்பு.

நெய்தல்:
நண்பரே, வரிசையைக் கவனியுங்கள். சார்லி வாய் திறக்கும் முன்பே அவர்கள் கடலை விட்டு வந்துவிட்டார்கள். அங்கே இனித் தங்களுக்கு இடமில்லை என்று தோன்றியதால் வந்ததாக அவர்களே சொல்கிறார்கள். அப்படியானால் தனிமைதான் அவர்களைக் கரையேற்றியது.

கரையோரன்:
இடம் ஒட்டாமல் போவதைத் தனிமை என்று கொள்ள இயலாது. 1755-இல் வெளியான சமத்துவமின்மை பற்றிய நூலில் தத்துவவாதி ரூசோ காட்டும் ஆதிமனிதன் காட்டில் ஒருவனாகவே திரிகிறான். ஆனால் எவரையும் அவன் தேடுவதில்லை. தனித்திருத்தல் வேறு, தனிமைப்படுதல் வேறு. சாராவும் ஆயிரக்கணக்கில் முட்டையிட்டு நீரில் மிதந்துபோக விட்டவள். அவற்றுக்காக அவள் கலங்கியதே இல்லை, நான்சிதான் அதைக் கேட்டுத் திகைக்கிறாள்.

நெய்தல்:
முட்டைகளைப் பற்றிய வாதம் வலுவானது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சார்லியும் சிறுவயதில் கைகளில் கல்லைப் பிடித்துக்கொண்டு கடலடியில் போய் அமர்ந்திருந்தவன். மேலே இருப்பவனுக்குக் கீழே போகத் தோன்றுகிறது, கீழே இருப்பவர்களுக்கு மேலே வரத் தோன்றுகிறது. அந்த ஒட்டாமை கரையின் இரு பக்கமும் இருக்கும்போது, அதை மனிதனுக்கு மட்டும் உரியதாக்குவது எப்படி?

மேடைவாசகன்:
இருவரும் சார்லியின் கேள்வியை இயற்கையின் விதிபோலப் பேசுகிறீர்கள். அவன் சாராவை அழவைக்க விரும்பியே அதைக் கேட்கிறான். அதனால்தான் லெஸ்லி சீறி அவன் கழுத்தைப் பிடிக்கிறான். அந்தத் தனிமை ஓர் உயிர் இன்னோர் உயிருக்குச் செய்த காயம்.

நெய்தல்:
காயம் மட்டும்தான் என்றால் கடலுக்குத் திரும்புவதே மருந்தாகியிருக்க வேண்டும். திரும்பத்தான் அவர்களும் எழுகிறார்கள். ஆனால் என்றாவது மீண்டும் மேலே வந்தே ஆகவேண்டும் என்று நான்சி சொன்னதும் நின்றுவிடுகிறார்கள்.

கரையோரன்:
ஒரே கணத்தில் பிறந்தது என்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். கடலுக்குள் தனிமை பெயரற்ற ஓர் அமைதியின்மையாக இருந்திருக்கலாம். ஆயினும் ஒன்றை விடமாட்டேன்: உதவுகிறோம் என்று அந்தத் தம்பதி சொன்னபின் ‘தொடங்குங்கள்’ என்று லெஸ்லி சொல்லும் கடைசிச் சொல், சாரா அழாமல் இருந்திருந்தால் அவன் வாயில் வந்திருக்காது.