கணவரின் தம்பி விந்தணு தரலாமா?

கேள்வி:
எங்கள் உறவுக்காரத் தம்பதிக்கு நெடுநாளாகக் குழந்தை இல்லை. கணவரின் விந்தில் உயிரணுக்களே இல்லை என்று தெரிந்தபின், கொடையாளரின் விந்தணுவைக் கருப்பைக்குள் செலுத்தும் ஐயூஐ சிகிச்சையை மருத்துவர் பரிந்துரைத்தார். யாரோ முகம் தெரியாதவருடையது எதற்கு, கணவரின் தம்பியே தரட்டும், வம்சமும் மாறாது என்கிறார்கள் வீட்டுப் பெரியவர்கள். சட்டம் இதற்கு இடம் தருகிறதா? பிறக்கும் குழந்தைக்குச் சொத்துரிமை உண்டா?

பதில் 1:
இடம் தராது. 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த உதவி இனப்பெருக்கத் தொழில்நுட்ப ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி, கொடையாளரைப் பரிசோதிப்பதும் விந்தைச் சேகரித்துச் சேமிப்பதும் பதிவு பெற்ற விந்தணு வங்கியின் பணியே தவிர, குடும்பத்தார் ஆளை அழைத்து வந்து நிறுத்தும் ஏற்பாடு அல்ல. கொடையாளருக்கு வயது 21 முதல் 55 வரை இருக்கலாம். ஒருவருடைய விந்தணுவை ஒன்றுக்கு மேற்பட்ட தம்பதிக்கு வங்கி வழங்கக்கூடாது. அவருடைய ஆதார் எண்ணை வங்கி பெற்றுக்கொண்டாலும், அவரைப் பற்றிய விவரங்களை இரகசியமாகக் காக்க வேண்டும்.

சொத்தைப் பொறுத்தவரை, அக்குழந்தை சிகிச்சை பெற்ற தம்பதியின் சொந்தக் குழந்தையாகவே கருதப்படும்; கொடையாளர் பெற்றோருக்குரிய உரிமை அனைத்தையும் விட்டுக்கொடுத்துவிடுகிறார். வம்சம் பற்றிப் பெரியவர்கள் கவலைப்படுவதைச் சட்டம் பொருட்படுத்தவில்லை என்பதே என் கருத்து, அதில் எனக்கு வருத்தமும் இல்லை.

பதில் 2:
ஆய்வகத்தில் பணிபுரிந்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். எச்.ஐ.வி. தொற்றிய புதிதில் இரத்தப் பரிசோதனையில் அது தெரியாமல் போகலாம் என்பதால், கொடையாளரின் விந்தை உறைநிலையில் வைத்து, சில மாதங்கள் கழித்து அவரை மறுபடி பரிசோதித்த பின்னரே பயன்படுத்துவது வழக்கம். தம்பியே ஆனாலும் அன்றே எடுத்து அன்றே செலுத்துவது ஆபத்தானது.

கேள்வி கேட்டவர்:
நன்றி. நாளைக்குப் பாகப்பிரிவினையில் தகராறு வந்து, பங்காளிகள் டி.என்.ஏ. பரிசோதனை கேட்டால் என்ன செய்வது?

பதில் 1:
மரபணு பொருந்தாதுதான், ஆனால் அக்குழந்தையின் உரிமை மரபணுவை நம்பி நிற்கவில்லை, சட்டத்தையும் இருவரும் எழுத்துமூலம் தந்த ஒப்புதலையும் நம்பி நிற்கிறது. விந்தணுவைக் கருப்பைக்குள் செலுத்தும்வரை அந்த ஒப்புதலைத் திரும்பப் பெறலாம், அதன்பின் இயலாது. ஆகவே கையொப்பமிட்ட படிவத்தின் நகலையும் சிகிச்சை ஆவணங்களையும் மருத்துவமனையிலிருந்து இப்போதே கேட்டு வாங்கி, நிலப்பத்திரங்களோடு சேர்த்து வைக்கச் சொல்லுங்கள்.