பேட்டரி இல்லாத ரேடியோ: கொழிஞ்சாம்பாறையில் என்ன கிடைக்கும், என்னென்ன வாங்கணும்?

அறிவியல் டீச்சர்:
வணக்கம். எட்டாம் வகுப்புப் பிள்ளைங்க கையாலேயே ஒரு கிரிஸ்டல் ரேடியோ செய்யணும். ஊர் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை. இங்கே கடையில் 1என்4007 டயோடு (மின்சாரத்தை ஒரே பக்கமா விடும் பாகம்) சுலபமா கிடைக்குது, அது போதுமா? செல்போன் இயர்போனையே மாட்டலாமா? வகுப்பறைக்குள்ளேயே மூணு மீட்டர் வயர் கட்டினால் எடுக்குமா? எஃப்எம் வருமா?

வானலை:
எஃப்எம் வராதுங்க டீச்சர், இது மீடியம் வேவுக்கானது. உங்க ஊருக்கு ஆகாசவாணியின் திருச்சூர் 630 கிலோஹெர்ட்ஸ், கோவை 999 இரண்டையும் குறி வைக்கலாம். திருச்சூர் 100 கிலோவாட், கோவை 20. முதல்ல ஒரு சாதாரண டிரான்சிஸ்டர் ரேடியோவில் அந்த நிலையங்கள் ஒலிபரப்பில் இருக்கா, எந்த நேரத்தில் நல்லா கேட்குதுன்னு பார்த்துக்கோங்க. இல்லாத நிலையத்தைத் தேடிப் பிள்ளைங்க சோர்ந்துடக் கூடாது.

1என்4007 வேண்டாம். அது சிலிக்கான், 0.6 வோல்ட் பக்கம் வந்தால்தான் திறக்கும். ஏரியலில் வருவது அதைவிட ரொம்பக் குறைவு. ஜெர்மானியம் டயோடு கேளுங்க: ஓஏ79 அல்லது 1என்34ஏ. வாங்கியதும் மல்டிமீட்டரை டயோடு அளவில் வச்சுப் பாருங்க. 0.2 முதல் 0.35 வரை காட்டினால் சரி. 0.5-ஐத் தாண்டினால் சிலிக்கானைக் கொடுத்துட்டாங்கன்னு அர்த்தம். பற்ற வைக்கும்போது டயோடின் காலை மூக்குக் குறடால் பிடிச்சுக்கோங்க, சூடு உள்ளே போனால் ஜெர்மானியம் கெட்டுடும்.

காயிலுக்கு 63 மி.மீ. பிவிசி குழாய், 10 செ.மீ. துண்டு போதும். மோட்டார் வைண்டிங் கடையில் 24 கேஜ் எனாமல் வயர் 50 கிராம் வாங்குங்க. 13 மீட்டர்தான் செலவாகும். இடைவெளி விடாமல் 65 சுற்று. 15-ஆவது சுற்றில் வயரை அறுக்காமல் ஒரு சின்ன வளையமா முறுக்கி வெளியே விடுங்க. காயிலின் தூண்டல் அளவு சுமார் 240 மைக்ரோஹென்றி வரும். அதோட 365 பிகோஃபேரட் கேங் (திருகி நிலையம் மாற்றும் கண்டென்சர்) சேர்ந்தால் 540 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும் இறங்கும். திருச்சூருக்குக் கேங் முக்கால் பாகம் மூடியிருக்கும், கோவைக்கு நல்லா திறந்திருக்கும்.

இணைப்பு: காயிலின் இரு முனைக்கும் குறுக்கே கேங். 15 சுற்றுப் பக்கம் இருக்கும் முனை எர்த்துக்கு. கேங்கின் சுழலும் தகடும் அந்தப் பக்கமே இருக்கணும், இல்லைன்னா கை பட்டாலே நிலையம் நகரும். ஏரியல் அந்த வளையத்துக்கு. எர்த்துக்குப் போகாத மேல் முனையிலிருந்து டயோடு, டயோடிலிருந்து கிரிஸ்டல் இயர்போன் (ரொம்பக் குறைந்த மின்சாரத்திலேயே ஒலிக்கும் இயர்போன்), இயர்போனின் மறு கால் எர்த்துக்கு. டயோடை எந்தப் பக்கம் திருப்பி வச்சாலும் வேலை செய்யும். வயர் நுனிகளில் எனாமலை உப்புத்தாளால் செம்பு பளிச்சென்று தெரியும்வரை தேய்க்கச் சொல்லுங்க. சத்தமே வரலைன்னா நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான்.

தென்னந்தோப்பு:
காயிலை எவ்வளவு அழகா சுத்தினாலும், இந்த ரேடியோவுக்குச் சக்தி முழுக்க ஏரியலிலிருந்துதான் வருது. மூணு மீட்டர் பத்தவே பத்தாதுங்க. வெளியே 25 முதல் 30 மீட்டர், தரையிலிருந்து 6 மீட்டருக்குக் குறையாத உயரம். இரண்டு தென்னைக்கு நடுவே கட்டலாம், ஆனால் வயர் மரத்தைத் தொடக் கூடாது. இரு முனையிலும் நைலான் கயிறும் பிளாஸ்டிக் துண்டும் போட்டுக் கட்டுங்க. மின்கம்பி போகும் பக்கமே வேண்டாம், அறுந்து விழுந்தாலும் அதன்மேல் படாத இடமாப் பாருங்க.

எர்த்துக்கு ஒன்றரை மீட்டர் ஜிஐ பைப்பை அடிச்சு இறக்குங்க. சித்தூர் தாலுகாவின் கிழக்குப் பக்கத்துக் கரிசல் மண் ஈரமா இருந்தால் அருமையான எர்த். கோடையில் வெடிச்சுப் பைப்பை விட்டு விலகிடும். அப்போ சுற்றிலும் தண்ணி ஊத்துங்க. இரும்புக் கேசிங் போட்ட போர்வெல் இருந்தால் அதையே எர்த்தா எடுத்துக்கலாம். சுவர் பிளக்கின் எர்த் துளையைப் பிள்ளைங்க தொடவே கூடாது.

சித்திரை இடியிலும் ஐப்பசி மழையிலும் வானம் இருண்டதுமே ஏரியலைக் கழற்றி, கட்டடத்துக்கு வெளியிலேயே எர்த்தோட சேர்த்துடுங்க. வேலை முடிஞ்ச பிறகும் அப்படியே விட்டுட்டுப் போறது நல்லது.

அறிவியல் டீச்சர்:
ரொம்ப நன்றிங்க. கிரிஸ்டல் இயர்போன் கிடைக்கலை, 32 ஓம் செல்போன் இயர்போன்தான் இருக்கு. வேற வழி உண்டா? இரண்டு நிலையமும் கலந்து கேட்டால் என்ன செய்யணும்?

வானலை:
32 ஓமை நேரா மாட்டினால் காயிலையே அமுக்கிடும். சத்தமும் போகும், நிலையங்களும் பிரியாது. 230 வோல்ட்டிலிருந்து 6 வோல்ட் தரும் சின்ன டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று எடுங்க. 230 பக்கத்தை ரேடியோவிலும் 6 பக்கத்தை இயர்போனிலும் கொடுத்தால் 32 ஓம் ரேடியோவுக்குச் சுமார் 47 ஆயிரம் ஓமாத் தெரியும். பிளக் வயரை அடியோட வெட்டிடுங்க, யாரும் தவறிக்கூட மின்சாரத்தில் செருகக் கூடாது. கிரிஸ்டல் இயர்போன் பின்னால் கிடைத்தால் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டாம், அதன் குறுக்கே 47 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று போடணும்.

கலந்து கேட்டால் ஏரியலுக்கும் வளையத்துக்கும் நடுவே 100 பிகோஃபேரட் கண்டென்சர் ஒன்று சேருங்க. சத்தம் கொஞ்சம் குறையும், 630-உம் 999-உம் தனித்தனியா நிற்கும். அப்பவும் பிரியலைன்னா வளையத்தை 15-க்குப் பதிலா 8-ஆவது சுற்றில் எடுத்துப் பாருங்க.