முற்றுகை என்றால் இருபது பேரும் காலிக்குடமுமா?

ஓய்வு ஹவில்தார்:
24 வருஷம் ராணுவத்தில் சிக்னல்ஸில் இருந்தவன் நான். போன வாரம் பேப்பரில் 'நகராட்சி அலுவலகம் முற்றுகை' என்று பார்த்துப் பதறிவிட்டேன். படித்தால், எங்கள் தெருப் பெண்கள்! இருபது பேர், காலிக்குடம். அதில் என் வீட்டுக்காரியும் ஒருத்தி. பதினொரு மணிக்கே வந்து குழம்பு வைத்துவிட்டாள். முற்றுகை என்றால் உள்ளே சோறு தண்ணி போகாமல் வளைப்பது. லெனின்கிராடில் 872 நாள் நடந்தது. இந்தச் சொல் எப்போது இப்படி ஆச்சு?

டெஸ்க் ஆள்:
ஐயா, குற்றவாளி பேப்பரில் தலைப்புப் போடும் நாங்கள்தான். ஒற்றைப் பத்தித் தலைப்புக்கு 'முற்றுகை' நாலே எழுத்து. 'திரண்டு வந்து மனு' என்று போட்டால் அடுத்த வரிக்கு ஓடிவிடும். போலீஸ் கேட்டிலேயே மறித்தால் 'முற்றுகையிட முயற்சி'. வாசலில் நின்றாலே முற்றுகைதான்.

நொச்சி:
பழைய இலக்கணத்தில் கோட்டையை வளைப்பது உழிஞைத் திணை. தொல்காப்பியம் உள்ளே நின்று காப்பதையும் அதிலேயே அடக்கும். புறப்பொருள் வெண்பாமாலை அதை நொச்சி என்று தனியாகப் பிரிக்கும். போரில் வென்றவன் சூடிய வாகை இப்போது வார்டு கவுன்சிலர் வரைக்கும் வந்துவிட்டது. எனக்கு உறுத்துவது பாசறைதான். சங்கப் பாட்டான நெடுநல்வாடையில் வாடைக்காற்றில் அரசன் நள்ளிரவில் புண்பட்ட வீரர்களைப் பார்த்துவரும் இடம் அது. இப்போது கட்சி இளைஞரணிக்குப் பெயர். 'அதிரடி' ஜவுளிக்கடைத் தள்ளுபடிக்கே போய்விட்டது, விடுங்கள்.

ஓய்வு ஹவில்தார்:
நன்றி தம்பிகளா. குழாயில் இன்னும் தண்ணீர் வரவில்லை. வியாழக்கிழமை மறுபடி முற்றுகையாம். இந்தத் தடவை புளிசாதம் கட்டிக்கொண்டு போகிறார்கள்.