மல்வேர்ன் வீட்டுச் செங்கல்

குழு: கொக்குவில் – ரொறன்ரோ உறவுகள்

மே 8, வியாழன்

கிரி 19:42
(2 படங்கள்)
எல்லோரும் ஒருக்கால் பாருங்கோ. முதல் படம் வீடு இப்போது இருக்கிற கோலம். இரண்டாவது, பெயின்ற் கொம்பனிக்காரர் கணினியில் செய்து தந்தது. செங்கல் முழுக்க வெள்ளை. மேல்மாடிச் சுவரில் பலகை பலகையாக அடித்திருக்கிற அலுமினிய சைடிங்கும் வெள்ளை. யன்னல் கரை, மழைநீர்ப் பீலி, கராஜ் கதவு எல்லாம் கறுப்பு.

நிலா 19:43
இரண்டாவது யாருடைய வீடு அண்ணா? 😂

தர்சி 19:45
எனக்குப் பிடித்திருக்கிறது. இப்போது இருக்கிற மண்ணிற அலுமினியத்தைப் பார்த்தால் 1974 என்று நெற்றியில் எழுதி ஒட்டின மாதிரி இருக்கிறது.

அம்மா 19:51
வெள்ளை நல்லது. கறுப்பு எதற்கு? வெள்ளைக்குக் கறுப்புக் கரை போட்டால் மரண அறிவித்தல் மாதிரி இருக்காதோ?

நிலா 19:51
பெரியம்மா 😂😂😂

ரூபன் அண்ணா 20:04
டேய் கிரி, செங்கல்லுக்குப் பெயின்ற் அடிக்க முதல் என் வீட்டுக்கு வந்து பார். நான்கு வருடத்துக்கு முன் நானும் இதே வெள்ளைதான் அடித்தேன். முதல் வருடம் தெருவில் போகிறவன் எல்லாம் நின்று பார்த்துவிட்டுப் போனான். இப்போதும் நின்று பார்க்கிறார்கள், காரணம்தான் வேறு.
(படம்)
தண்ணீர்க் குழாய்க்குக் கீழே பார். பெயின்ற் மட்டும் உரியவில்லை, செங்கல்லின் முகமும் சேர்ந்து கழன்றுவிட்டது. விரலால் தொட்டால் மா மாதிரிக் கொட்டுகிறது.

அம்மா 20:06
ஐயோ, இது எப்போது? போன முறை வந்தபோது அந்த இடத்தில் பெரிய பூச்சாடி அல்லவா வைத்திருந்தீர்கள்.

ரூபன் அண்ணா 20:06
அதற்குத்தான் பூச்சாடி, பெரியம்மா.

சிவா மாமா 20:21
தம்பி, இப்போதுதான் பார்த்தேன். 22 வருடம் சைடிங் ஏணியில் நின்றவன் சொல்கிறேன், கேள்.
உன் வீட்டுச் செங்கல் வீட்டைத் தாங்குகிற சுவர் இல்லை. வீட்டைத் தாங்குவது உள்ளே நிற்கிற மரச்சட்டம். அதற்கு வெளியே ஒரு அங்குல அளவில் காற்றுக்கு இடைவெளி, அதற்கு வெளியே ஒற்றை வரிசைச் செங்கல். மழை கொட்டினால் செங்கல் தண்ணீரைக் குடிக்கும், வெயில் வந்தால் வெளியே விடும். அப்படித்தான் ஐம்பது வருடமாக நிற்கிறது. சாதாரண அக்ரிலிக் பெயின்ற் அதன் மேலே பிளாஸ்ரிக் தோல் மாதிரிப் படிந்துவிடும். பீலி ஒழுகியோ, சாந்து வெடிப்பாலோ எப்படியும் தண்ணீர் உள்ளே போகத்தான் போகும். வெளியே வரத்தான் வழி இருக்காது. பிறகு தை மாதக் குளிரில் அந்தத் தண்ணீர் உறையும். பனிக்கட்டியானால் தண்ணீர் 9 சதவீதம் பெருக்கும். ரொறன்ரோவில் ஒரு குளிர்காலத்துக்குள் எத்தனை தரம் உறைந்து உருகுகிறது என்று உனக்கே தெரியும். ஒவ்வொரு தரமும் செங்கல்லின் முகத்தை உள்ளிருந்து நெம்பிக்கொண்டே இருக்கும். ரூபன் வீட்டில் நடந்தது அதுதான்.

கிரி 20:25
கொம்பனிக்காரர் "மூச்சு விடுகிற பெயின்ற்" என்று சொன்னாரே மாமா.

சிவா மாமா 20:27
வாளியில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாயா?

கிரி 20:27
இல்லை.

நிலா 20:39
தேடிப் பார்த்தேன். உண்மையாகவே மூச்சு விடுகிற பெயின்ற் ஒன்று இருக்கிறது. பொட்டாசியம் சிலிக்கேற்றில் செய்வது. மேலே தோலாகப் படியாது, கல்லோடு வேதியியலாகப் பிணைந்துவிடும். கைம் என்றவர் 1878 இல் ஜேர்மனியில் காப்புரிமை எடுத்தாராம்.

சிவா மாமா 20:44
ஓம் பிள்ளை, அது நல்ல சாமான். விலையும் நல்ல விலை. ஏற்கெனவே அக்ரிலிக் அடித்த சுவரில் அது பிடிக்காது. வெறும் செங்கல்லுக்குத்தான். சுண்ணாம்பும் அப்படித்தான்.

பெரியப்பா 21:12
இங்கே விடியற்காலை. சுண்ணாம்பு என்றதும் எழுதாமல் இருக்க முடியவில்லை. எங்கள் பழைய வீட்டுக்குப் பொங்கலுக்கு முன்னம் சுண்ணாம்பு நீற்றி, ஒரு பிடி நீலம் கலந்து, தென்னந்தும்பைக் கட்டி அதால் அடிப்போம். முதுகு உராய்ந்தால் சட்டையில் ஒட்டும், அதுதான் ஒரே குறை. மாரியில் சுவர் நனையும், பங்குனியில் காயும், ஒரு கொப்புளம் வராது. பிறகு ஊரெல்லாம் மினுக்கப் பெயின்ற் வந்தது என்று நானும் அடித்தேன். முதல் மாரியிலேயே அப்பளம் மாதிரிப் பொங்கியது. நீங்கள் அங்கே காசு கொடுத்துப் படிக்கிறீர்கள்.

அம்மா 21:15
அத்தான், அந்தச் சட்டைகளைத் தோய்த்தது அக்காதானே. அவவிடம் கேட்டால் வேறு கதை சொல்லுவா.

கிரி 21:33
மாமா... ஒரு விஷயம். செவ்வாய் இரவே கையெழுத்து வைத்துவிட்டேன்.

தர்சி 21:33
என்ன???

கிரி 21:36
கொம்பனிக்காரர் வாசலில் வந்து நின்றார். அன்று இரவே வைத்தால் 15 வீதம் கழிவு என்றார். முற்பணம் 500 டொலர் கொடுத்தேன். நீங்கள் பிள்ளையை நித்திரையாக்கிக்கொண்டு இருந்தீர்கள்.

தர்சி 21:37
"யாரோ துண்டுப் பிரசுரம் தந்துவிட்டுப் போனான்" என்றீர்கள்.

சிவா மாமா 21:41
சரி, சண்டையைப் பிறகு பிடியுங்கோ. கையெழுத்து வீட்டில் வைத்துத்தானே வைத்தாய்? ஒன்ராறியோச் சட்டப்படி, வீட்டில் வைத்துச் செய்த ஒப்பந்தத்தின் பிரதி உன் கைக்கு வந்ததிலிருந்து 10 நாளுக்குள் காரணமே சொல்லாமல் ரத்துச் செய்யலாம். போனில் சொல்லாதே, எழுத்தில் அனுப்பு. மின்னஞ்சல் போதும், அனுப்பியதற்குச் சான்று வைத்துக்கொள். "ரத்துச் செய்கிறேன், முற்பணத்தைத் திருப்பித் தரவும்" என்ற இரண்டு வரி. விளக்கம் எழுதப் போகாதே, விளக்கம் எழுதினால் அவன் பதில் எழுதுவான்.

கிரி 21:58
அனுப்பிவிட்டேன்.

சிவா மாமா 21:59
சனி காலை வருகிறேன். ஏணி இருக்கிறதா?

மே 10, சனி

தர்சி 11:20
(படம்)
மாமாவின் உள்ளங்கை. சைடிங்கை ஒரு தரம் தடவிவிட்டுக் காட்டுகிறார். திருநீறு எடுத்த மாதிரி வெள்ளை.

சிவா மாமா 11:34
அது பழைய எனாமல் வெயிலில் பொடிந்து வருகிறது. அலுமினியத்துக்கு ஒன்றும் இல்லை. பந்து பட்டு நசிந்த இரண்டு பலகையைத் தவிர நேராக இருக்கிறது. இதைக் கழற்றி எறிந்துவிட்டு வைனல் என்கிற பிளாஸ்ரிக் பலகை போடுவதற்கு எனக்கு மனம் வரவில்லை. பெயின்ற் அடிக்க வேண்டியது இதற்குத்தான், செங்கல்லுக்கு இல்லை. உலோகம் தண்ணீரைக் குடிக்காது.
மினக்கெட வேண்டியது கழுவுவதில்தான். சவர்க்காரத் தண்ணீரில் மெல்லிய தூரிகையால் கீழிருந்து மேலே கழுவி, நன்றாக அலசி, கையில் பொடி ஒட்டாமல் போகும் வரைக்கும் கழுவ வேண்டும். பொடியின் மேல் அடித்தால் பெயின்ற் பொடியைத்தான் பிடிக்கும், சுவரைப் பிடிக்காது. பிறகு ஒட்டுப் பிரைமர் என்கிற அடிப்பூச்சு, அதன் மேல் 100 வீத அக்ரிலிக் இரண்டு பூச்சு. வெயில் நேரே விழுகிற பக்கத்தை அந்த நேரத்தில் அடிக்காதே, நிழலோடு சுற்றிச் சுற்றிப் போ.

தர்சி 11:40
மரக் கராஜ் சட்டத்தையும் சுரண்டலாமா மாமா?

சிவா மாமா 11:43
பொறு பிள்ளை. 1990க்கு முன் கட்டின வீட்டின் வெளிப் பெயின்ற்றில் ஈயம் இருக்கக்கூடும். பார்த்துச் சொல்ல முடியாது, சோதிக்கத்தான் வேண்டும். அதுவரை சுரண்டவோ மணல்தாள் போடவோ வேண்டாம். குட்டியை அந்தப் பக்கம் தவழ விடாதே. சைடிங்கையும் ஈரமாகத்தான் கழுவ வேண்டும், தண்ணீர் சொட்டுகிற இடத்தில் கீழே விரிப்பைப் போடு.

கிரி 12:10
(படம்)
இதைப் பாருங்கோ. கீழ் வரிசைச் செங்கல்லில் மூன்று நான்கு கல்லுக்கு ஒரு தரம், சாந்து இல்லாமல் ஒரு நிமிர்ந்த துவாரம் விட்டிருக்கிறார்கள். உள்ளே போன தண்ணீர் வடிந்து வருகிற வழி. பழைய வீட்டுக்காரர் எல்லாவற்றுக்கும் சிலிக்கோன் வைத்து அடைத்திருக்கிறார். எறும்பு வராமல் இருக்கவாம் என்று மாமா நினைக்கிறார். கத்தியால் கிண்டி எடுத்தோம், 11 துவாரம். ஒன்றிலிருந்து ஈர மண் கொட்டியது.

சிவா மாமா 12:14
மூக்கை அடைத்துவிட்டு மூச்சு விடுகிற பெயின்ற் பற்றிப் பேசுகிறான்.

அம்மா 12:20
சுவரோடு மண் போட்டுத் தக்காளி வைக்க 12 பை மண் வாங்கி வைத்திருக்கிறேன் தம்பி. அதற்கு ஒன்றும் இல்லையே?

சிவா மாமா 12:22
அக்கா, அந்தத் துவாரத்துக்கு மேலே மண் ஏறக் கூடாது. செங்கல் தொடங்குகிற இடத்துக்குக் கீழே ஆறு அங்குலமாவது வெறுமையாக இருக்க வேண்டும். தக்காளியை வேலிப் பக்கம் வையுங்கோ.

அம்மா 12:23
வேலிப் பக்கம் வெயில் இல்லை.

சிவா மாமா 12:23
அப்போ சாடியில்.

கிரி 12:41
இன்னொன்று. யன்னல் இரண்டு பக்கமும் இருந்த பிளாஸ்ரிக் கதவுகளைக் கழற்றிவிட்டோம். சும்மா திருகாணியில் நின்றவை. இரண்டையும் சேர்த்து மூடினாலும் அரை யன்னல்கூட மூடாது. கழற்றின இடத்தில் செங்கல் அப்படியே புதிதாக இருக்கிறது. எங்கள் செங்கல் உண்மையில் இந்த நிறமா என்று இப்போதுதான் தெரிகிறது. சிவப்பு மட்டும் இல்லை, நடுநடுவே கருகின கபிலம், ஒரு மாதிரி ஊதா, சாந்து வெளிர் மஞ்சள்.

தர்சி 12:44
அது அழகாக இருக்கிறது என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த மண்ணிறம் போக வேண்டும்.

சிவா மாமா 12:52
அதுதான் விஷயமே. செங்கல்லில் பிழை இல்லை, பக்கத்தில் நிற்கிற நிறத்தில்தான் பிழை. மண்ணிறத்துக்குப் பக்கத்தில் சிவப்புச் செங்கல் செத்துப்போகும். நிறத்தைக் கடை அட்டையில் தேடாதே, சுவரில் தேடு. சைடிங்குக்குச் சாந்தின் நிறத்தை எடு. பீலிக்கும் யன்னல் கரைக்கும் செங்கல்லில் இருக்கிற ஆகக் கருகின புள்ளியை எடு. அட்டையில் அடித்துச் சுவரில் சாத்தி மூன்று நாள் வை. காலையில் ஒரு நிறம், பின்னேரம் ஒரு நிறம் காட்டும்.

அம்மா 12:55
கருகின கபிலம் என்றால் சரி. கறுப்பு இல்லையே.

நிலா 12:56
அந்தக் காஸ் மீற்றரை ஒரு மரப் பெட்டிக்குள் மறைக்கலாமா?

சிவா மாமா 12:57
வேண்டாம். அதற்குக் காற்று வேண்டும், மீற்றர்க்காரன் கை போகவும் வேண்டும். அதன் மூச்சுத் துவாரத்தில் பெயின்ற்றும் படக் கூடாது.

மே 15, வியாழன்

கிரி 18:02
500 டொலர் திரும்பி வந்துவிட்டது.

தர்சி 18:03
அது என் கணக்குக்கு வரட்டும்.

ஜூன் 21, சனி

கிரி 20:15
(4 படங்கள்)
முடிந்தது. கழுவ மட்டும் இரண்டு சனி ஞாயிறு போனது. சாந்து விட்டுப்போன இடங்களை மேசன் கிண்டி எடுத்துப் புதிதாக வைத்தார். வாகனம் நிற்கிற பக்கம், பனி உருகப் போடுகிற உப்புத் தண்ணீர் தெறித்துப் பொரிந்த ஏழு செங்கல்லையும் மாற்றினார். பின்சுவரில் மறைவான இடத்திலிருந்து ஏழு கல்லைக் கழற்றி முன்னுக்கு வைத்தார், புதுக் கல்லைப் பின்னுக்குப் போட்டார். எது மாற்றின கல் என்று கண்டுபிடியுங்கோ பார்ப்போம்.

ரூபன் அண்ணா 20:22
கண்டுபிடிக்க முடியவில்லை.

சிவா மாமா 20:24
நல்ல மேசன். சாந்துக்குச் சீமெந்து கூடுதலாகப் போட்டானா?

கிரி 20:25
இல்லை. நீங்கள் சொன்ன மாதிரியே கேட்டேன். சாந்து செங்கல்லை விட மென்மையாக இருக்க வேண்டும், வெடித்தால் சாந்துதான் வெடிக்க வேண்டும் என்று அவரே சொன்னார்.

நிலா 20:30
முன்கதவு இன்னும் பழைய மண்ணிறம்!

தர்சி 20:31
அதில் இன்னும் முடிவு இல்லை. மாமி குங்குமச் சிவப்பு. நான் கடும் பச்சை. இவர் "எதுவானாலும் சரி" கட்சி.

அம்மா 20:33
செங்கல்லே சிவப்பு என்று இப்போது எனக்கும் தெரிகிறது. பச்சையே இருக்கட்டும். மாவிலை கட்டினால் தெரியாது, அதுதான் யோசனை.

ரூபன் அண்ணா 20:47
மாமா, என் வீட்டுக்கு என்ன வழி? ஒருவன் மணல் அடித்து இரண்டு நாளில் பெயின்ற் முழுவதையும் எடுத்துத் தருகிறேன் என்கிறான்.

சிவா மாமா 20:49
அவனை வாசலோடு அனுப்பு. சூளையில் வெந்த செங்கல்லுக்கு வெளித்தோல்தான் கெட்டி. மணல் அதைத்தான் முதலில் தின்னும். பிறகு பெயின்ற் இல்லாமலே பொரியும். உரிக்கிறதற்குப் பசை மாதிரி மருந்து இருக்கிறது, பூசி மூடி வைத்து வழித்தெடுக்க வேண்டும். மெதுவான வேலை. எல்லாம் வரும் என்று நான் வாக்குத் தர மாட்டேன். முதலில் ஒரு மூன்றடிச் சதுரத்தில் செய்து பார்ப்போம்.

ரூபன் அண்ணா 20:50
எந்த இடத்தில்?

சிவா மாமா 20:51
பூச்சாடிக்குப் பின்னால். நாளை பத்து மணிக்கு வருகிறேன், சாடியை நகர்த்தி வை.