கோயில் மர்ம நாவலைக் குறும்படமாக்குகிறோம்: புதிரைப் பேசாமல் காட்டுவது எப்படி?

கண்டனூர்க்காரன்:
காரைக்குடிப் பக்கம் 45 நிமிஷப் படம் ஒண்ணு எடுக்கப் போறோம். மூலம் 340 பக்கக் கோயில் மர்ம நாவல், உரிமை எழுத்தில் வாங்கியாச்சு. இறந்துபோன பெரியவர் விட்டுப்போன புதிர் நாலு: வெண்பா, எண் வரிசை, எழுத்துப் பூட்டு, தூணில் ஒரு குறி. திரைக்கதையில் விளக்கம் சொல்லியே 20 நிமிஷம் போகுது. 'டா வின்சி கோட்' படத்துலயும் இதே வியாதிதான்னு தோணுது. எதை வெட்டலாம்? பூட்டை நிஜமாவே செய்ய முடியுமா? எடம் பத்தியும் சொல்லுங்க.

செக்காலை ரோடு:
படம் பார்க்காதவங்க இதைத் தாண்டிடுங்க, முடிச்செல்லாம் அவிழும்.

2003-இல் வந்த 'டா வின்சி கோட்' நாவலில் உருளைப் பூட்டு (எழுத்து வளையங்களைத் திருகித் திறக்கிறது) ரெண்டு. ஒண்ணைத் திறந்தா உள்ளே இன்னொண்ணு. 2006 படத்தில் ஒண்ணே ஒண்ணுதான். படிக்கும்போது ரெண்டாவது பூட்டு குதூகலம், திரையிலோ அதே வேலையை மறுபடி பார்க்கிற அலுப்பு. அந்த வெட்டு சரி. நாவல் கடைசியில் உயிரோடு வரும் நாயகி சோஃபியின் தம்பியையும் படத்தில் எடுத்துட்டாங்க, பாட்டி மட்டும் வர்றாங்க.

இன்னொரு மாற்றம் உங்களுக்கு நேரா உதவும். நாவலில் வரலாற்று ஆய்வாளர் டீபிங் சொல்றதை நாயகன் லாங்டன் பெரும்பாலும் ஆமோதிக்கிறார். படத்தில் மறுத்துப் பேசுறார். அதனாலதான் அந்த நீண்ட விளக்கக் காட்சி கொஞ்சமாவது தாங்குது. அதோட 'கடைசி விருந்து' ஓவியத்தில் ஓர் உருவத்தையே நகர்த்திக் காட்டுறாங்க, கண்ணுக்கு வேலை இருக்கு. மற்ற இடங்களில் வாய் மட்டும்தான் ஓடுது.

உங்க வெண்பாவையும் தூண் குறியையும் எடுத்துடுங்க. 45 நிமிஷத்துக்கு ரெண்டு புதிரே அதிகம்.

புள்ளிக்கோலம்:
வெண்பாவை வெட்டச் சொன்னதுக்கு நானும் கை தூக்குறேன். எழுத்தை மாற்றிப்போட்டு விளையாடுற ஆங்கிலப் புதிர் தமிழில் எடுபடாது. அனிமேஷனில் 'கொ'வைப் பிரிச்சா கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் பறக்கும். செய்தே ஆகணும்னா ஒவ்வொரு முழு எழுத்தையும் தனித்தனிப் படமாக்கி நகர்த்துங்க.

எண் வரிசைக்கு 'டா வின்சி கோட்'ல ஃபிபனாச்சி எண்களை (முந்தின ரெண்டைக் கூட்டினா அடுத்தது வரும்) கலைச்சுப் போட்டாங்க: 13, 3, 2, 21, 1, 1, 8, 5. நமக்கு எண்கள் ஏறி இறங்குற பழைய பாட்டு வகை, எழுகூற்றிருக்கை இருக்கே! 1 2 1, அடுத்து 1 2 3 2 1, இப்படியே ஏறி 7 வரைக்கும் போய் இறங்கும். கடைசி அடுக்கைப் பாருங்க: 1 2 3 4 5 6 7 6 5 4 3 2 1. கோலம் போடுறவங்களுக்கு இது '7 புள்ளி, இடைப்புள்ளி 1 முடிய'. மொத்தம் 49 புள்ளி. வளவில் (வீட்டு நடு முற்றத்தில்) அந்தக் கோலம் கிடக்கட்டும், எங்கோ ஒரு புள்ளி மட்டும் குறையட்டும். எந்த வரிசைன்னு பார்க்கிறவரே எண்ணுவார், வசனமே வேண்டாம்.

ஆத்தங்குடிக் கல் (பூப்போட்ட தரை ஓடு) மேல போடாதீங்க, பூவேலைக்குள்ள கோலம் காணாமப் போயிடும். நடு வாசல் கருங்கல் தரைதான் சரி. ஈர மாக்கோலம் காயக் காயத்தான் வெள்ளை ஏறும், அதனால ஒரே காட்சியின் துண்டுகளை ஈரத்தில் பாதி, காஞ்ச பிறகு பாதின்னு எடுத்தா ஒட்டாது. உச்சி வெயிலில் வளவில் பாதி வெளுக்கும், பாதி இருளும். காலையில் வெயில் தரைக்கு இறங்குமுன் முடிச்சிடுங்க.

கடைசல் பட்டறை:
பூட்டு செய்யலாம். அந்த நாவல் பூட்டில் 5 வளையம், வளையத்துக்கு 26 எழுத்து, ஆக 1,18,81,376 சேர்க்கை. தமிழின் 247 எழுத்தை வளையத்தில் ஏத்த முடியாது. ௧ முதல் ௯ வரை தமிழ் எண் போடுங்க, 5 வளையத்துக்கு 59,049 சேர்க்கை போதும். இதுலதான் ருசி: ௧ 'க' மாதிரி, ௨ 'உ' மாதிரி, ௭ 'எ' மாதிரி, ௮ 'அ' மாதிரி இருக்கும். எழுத்துன்னு நினைச்சது எண்ணா மாறுற திருப்பம் 'எட்டேகால் லட்சணமே' கேட்ட ஊருக்குச் சட்டுனு புரியும். கடிதத்தின் தலையில் போட்ட பிள்ளையார் சுழியே ௨-ஆ இருக்கலாம்.

அமைப்பு: 40 மி.மீ. பித்தளைக் குழாய், நீளவாக்கில் 4 மி.மீ. வெட்டு. அது மேல 20 மி.மீ. அகல வளையம் ஐந்து. உள்ளே நகரும் தண்டில் 20 மி.மீ. இடைவெளியில் 3 மி.மீ. முளை ஐந்து, வெட்டு வழியா நீட்டிக்கிட்டிருக்கும். வளையத்தின் உட்புறம் முளை சுத்திவர வட்டக் காடி (பள்ளம்), ஒரே ஓர் இடத்தில் மட்டும் குறுக்குக் காடி. ஐந்தும் நேர்கோட்டில் வந்தாத்தான் தண்டு வெளியே வரும். வளையத்துக்கும் குழாய்க்கும் இடையில் 0.3 மி.மீ. விடுங்க. கூடினா ஆட்டம் வந்து தப்பான எண்ணிலும் திறக்கும், குறைஞ்சா இறுகும். மரத்தில் செஞ்சா மழைக்காலத்தில் உப்பிக்கும். பேனா ஸ்பிரிங்கும் சின்னக் குண்டும் வைங்க, 'டிக்' சத்தம் பாதி நடிப்பைப் பார்த்துக்கும்.

நாவல் பூட்டை உடைச்சா உள்ளே இருக்கிற வினிகர்க் குப்பி உடைஞ்சு ஓலையைக் கரைக்கும்னு வரும், உங்களுக்கு அது வேண்டாம். பனையோலை அதில் கரையாது.

செக்காலை ரோடு:
எடம் பத்தி யாரும் சொல்லலையே. பெரிய வீடுகள் பங்காளிகளுக்குப் பொது, ஒருத்தர் சாவி கொடுத்தார்னு போய் இறங்காதீங்க, எல்லாப் பங்குக்காரரிடமும் கையெழுத்து வாங்குங்க. சுண்ணாம்புச் சுவரில் எதிரொலி அடிக்கும். கேமரா படாத பக்கம் ஜமுக்காளம் கட்டி, சட்டையில் குத்துற மைக் வைங்க.

கோயில் கிடைக்கலைன்னா வருத்தப்படாதீங்க. 'டா வின்சி கோட்' படத்துக்கு லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அபே தேவாலயம் மறுத்ததும் லிங்கன் பேராலயத்தில் எடுத்தாங்க. 2009-இல் வந்த அடுத்த படம் 'ஏஞ்சல்ஸ் அண்ட் டீமன்ஸ்'க்கு வத்திக்கான் கதவு திறக்கலை, அரங்கம் போட்டாங்க. உங்களுக்குத் தேவை ரெண்டு தூணும் ஒரு விளக்கு மாடமும்தானே, தெர்மோகோலில் முடியும்.

ஊர்ப் பெயர், கோயில் பெயர் ரெண்டும் கற்பனையா இருக்கட்டும், நகரத்தாரின் ஒன்பது கோயில்களில் எதையும் தொடாதீங்க. 2006-இல் தணிக்கைச் சான்றிதழ் வாங்கின அந்தப் படத்தையே இங்கே அரசு தடை செஞ்சது. உயர் நீதிமன்றம் போய்த்தான் தடை விலகிச்சு.

கண்டனூர்க்காரன்:
குறையுற புள்ளி எந்த வரிசையில் இருந்தா நல்லது அண்ணே?

புள்ளிக்கோலம்:
நடுவரிசை வேண்டாம், சட்டுனு தெரிஞ்சிடும். ஓரப் புள்ளியும் வேண்டாம், போட மறந்ததுன்னு நினைப்பாங்க. ஐந்து புள்ளி வரிசையில் நடுப்புள்ளி.