ஓனர் 53 கிரேடு சிமெண்ட்தான் வேண்டும் என்கிறார். சைட்டில் இருப்பவர் என்ன செய்ய முடியும்?

சூரமங்கலம் சைட்:
சிவில் முடித்துவிட்டு, சேலத்தில் வீடு கட்டித் தரும் சின்ன காண்ட்ராக்டர் ஒருவரிடம் சைட் இன்ஜினியராக இருக்கிறேன். உலகம் வெளியிடும் கரியமில வாயுவில் 7, 8 சதவீதம் சிமெண்டால் வருகிறது என்று படித்ததிலிருந்து மனசு கேட்கவில்லை. அடுத்த வாரம் ஆயிரம் சதுர அடித் தளம் போடுகிறோம். சாம்பல் கலந்த பி.பி.சி. (போர்ட்லேண்ட் பொசொலானா சிமெண்ட்) போடலாம் என்றேன். "சாம்பல் கலந்த சிமெண்டா? என் வீட்டுக்கு 53 கிரேடுதான்" என்கிறார் ஓனர். மேஸ்திரியும் அவர் பக்கம். எப்படிப் பேசிப் புரியவைப்பது?

அஸ்தம்பட்டி, பணி ஓய்வு:
தம்பி, விடாதீர்கள். சுண்ணாம்புக்கல்லைச் சுடும்போது கல்லுக்குள் இருக்கிற வாயுவே வெளியே வருகிறது. சூளைக்கு என்ன எரிபொருள் போட்டாலும் அது நிற்காது. அப்படிச் சுட்டுக் கிடைக்கிற கட்டிதான் கிளிங்கர், அதை அரைத்துத்தான் சிமெண்ட். அந்தக் கிளிங்கரைக் குறைத்தால்தான் உண்டு. பி.பி.சி.யில் 15 முதல் 35 சதவீதம் வரை ஃபிளை ஆஷ். நம் மேட்டூர் அனல்மின் நிலையத்தில் நிலக்கரி எரிந்து மிஞ்சுகிறதே, அந்த மாதிரி சாம்பல்தான். ஐந்து அங்குல கனம் என்றால் உங்கள் தளத்துக்கு 75 மூட்டை போல ஆகும். மூன்றில் ஒரு பங்கு சாம்பலாக இருந்தால் ஏறக்குறைய ஒரு டன் வாயு குறையும். ஒரே ஒரு தளத்தில்!

ஓனர் பயப்படுவது நம்பரைப் பார்த்து. 53 என்பது 28 நாளில் அந்த சிமெண்ட் காட்ட வேண்டிய வலிமை, பி.பி.சி.க்கு 33. வீட்டுத் தளத்துக்கு நாம் போடுவது பெரும்பாலும் எம்20 கான்கிரீட், அதாவது 28 நாளில் 20 வலிமை காட்ட வேண்டியது. மிக்ஸ் டிசைன் (கலவை விகிதம்) சரியாக இருந்தால் பி.பி.சி.யிலேயே அது வந்துவிடும். 28 நாளுக்குப் பிறகும் வலிமை ஏறிக்கொண்டிருக்கும்.

மேஸ்திரியின் பேச்சையும் தள்ளிவிடாதீர்கள். பி.பி.சி. இறுகுவதற்கு நாளாகும் என்பது அவருக்குக் கைப்பழக்கத்தில் தெரியும். இப்படிப்பட்ட கலப்பு சிமெண்டுக்கு 14 நாள் க்யூரிங் (ஈரம் காயாமல் வைப்பது) என்று கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456 பரிந்துரைக்கிறது. பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துங்கள். பங்குனி வெயிலில் வரப்பு மத்தியானத்துக்குள் வெடித்துத் தண்ணீர் வடிந்துவிடும், சாயங்காலமும் மாடி ஏறிப் பாருங்கள். அதே கான்கிரீட்டில் க்யூப் (சோதனைக் கட்டி) எடுத்து 7, 28 நாளில் டெஸ்ட் பண்ணி, ரிசல்ட்டை ஓனர் கையிலேயே கொடுங்கள். நாம் எவ்வளவு பேசினாலும் அந்தத் தாளுக்கு ஈடாகாது.

நாகலூர் காப்பித் தோட்டம்:
ஏற்காட்டிலிருந்து ஒரு வார்த்தை. வாயுவைக் குறைப்பது ஒரு பக்கம், வருகிற மழையைத் தாங்குவது இன்னொரு பக்கம். காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் அதிக ஈரம் பிடிக்கும், அதனால் கொட்டினால் மொத்தமாகக் கொட்டுகிறது. எங்கள் பக்கம் தடுப்புச்சுவர் சரிகிற இடங்களில் போய்ப் பாருங்கள், நீர் வடிய வைத்த குழாய் முழுக்க மண்ணும் வேரும் அடைத்திருக்கும். சுவருக்குப் பின்னால் ஜல்லி நிரப்பாமல் வெறும் மண்ணைத் தள்ளியிருப்பார்கள். ரோட்டுக்கு அடியில் தண்ணீர் போகிற கல்வெர்ட்டும் பழைய மழைக்கணக்கில் போட்டதுதான். இங்கே தேங்காமல் ஓடுகிற தண்ணீர்தான் திருமணிமுத்தாறாகச் சேலத்துக்குள் வருகிறது. இந்த வேலைக்கும் உங்களைப் போன்ற பிள்ளைகள் வர வேண்டும்.

சூரமங்கலம் சைட்:
ரொம்ப நன்றி சார், நன்றிங்க அண்ணா. ஒரே ஒரு சந்தேகம். நாள் கூடினால், தளத்தைத் தாங்குகிற சென்ட்ரிங் பலகை, முட்டு வாடகையும் கூடுமே?

அஸ்தம்பட்டி, பணி ஓய்வு:
கூடும். ஓனரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். தாங்கும் சுவர்களுக்கு இடையே 4.5 மீட்டர் வரையிலான தளத்துக்கு முட்டுகள் குறைந்தது 7 நாள் நிற்க வேண்டும் என்பது சாதாரண சிமெண்டுக்கான கணக்கு. பி.பி.சி.க்கு அதோடு சில நாள் சேர்த்து விடுங்கள். எத்தனை நாள் என்பதை டிசைன் பண்ணியவரிடமே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.